சிலேட்டில் எழுதிய விலை

பொருளைக் காட்டி விலையை மறைப்பது ஒரு வகை வாணிகம். விலையைக் காட்டிப் பொருளை மறைப்பது இன்னொரு வகை. முன்னையதை நாம் சந்தையிலே நாள்தோறும் காண்கின்றோம். புடைவைக் கடைக்காரர் சேலையை விரித்துக் காட்டி, நம் முகத்திலே விருப்பம் படர்வதைக் கண்ட பின்னரே விலையைச் சொல்லுவார். பின்னைய வகை அமெரிக்க மோட்டார் வண்டித் தொழிலில், சிறப்பாக மின்சாரப் பிக்கப் வண்டிகளின் விடயத்தில், சில ஆண்டுகளாக ஓங்கி வளர்ந்திருக்கின்றது. வண்டி தொழிற்சாலையை விட்டு வெளிவர இரண்டு மூன்று ஆண்டுகள் இருக்கையிலேயே அதன் விலை மேடையேறிவிடுகின்றது; கைதட்டல் பெறுகின்றது; முற்பணமும் வாங்கிவிடுகின்றது. இந்த வழக்கத்தைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றேன்.

நம் நாட்டில் நாம் ‘கெப்’ என்று அழைக்கும் வண்டியே அமெரிக்கரின் பிக்கப். முன்னே ஆட்கள் இருக்க ஓர் அறை. பின்னே பொருள் ஏற்றத் திறந்த பெட்டி. கமக்காரர், தச்சர், கொத்தர், குழாய் பூட்டுபவர் ஆகியோருக்குக் காலும் கருவிப்பெட்டியும் அதுவே. போர்ட் கம்பனியின் எஃப் வரிசை வண்டிகள் 1977ஆம் ஆண்டு தொடக்கம் அந்நாட்டில் மிகுதியாக விற்பனையாகும் பிக்கப் வண்டிகளாக இருந்து வருகின்றன என்றால், அவ்வகை வண்டிக்கு அங்குள்ள இடம் விளங்கும். ஆகவே பெற்றோலை விடுத்து மின்சாரத்தில் ஓடும் பிக்கப் ஒன்று, உழைப்பாளி வாங்கத்தக்க விலையில் வருமா என்பது செல்வரின் விளையாட்டுப் பொருளைப் பற்றிய கேள்வியன்று. பிழைப்பைப் பற்றிய கேள்வி.

இக்கேள்விக்கு விடையாக 2025ஆம் ஆண்டில் இரண்டு வாக்குகள் வெளிவந்தன. ஏப்ரில் மாதத்தில், கலிபோர்னியாவின் லோங் பீச் நகரில், ‘சிலேட்’ என்னும் புதிய கம்பனி இருவர் மட்டும் இருக்கத்தக்க சிறிய மின்சாரப் பிக்கப் ஒன்றைக் காட்டிற்று. அமேசன் நிறுவனத்தை உண்டாக்கிய ஜெப் பெசோஸ் அக்கம்பனியில் முதலிட்டவர்களுள் ஒருவர். அரசின் மானியத்தைக் கழித்தால் 20,000 டொலருக்கும் குறைவு என்றார்கள். ஓகஸ்ட் 11ஆம் தேதி, கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரிலுள்ள தொழிற்சாலையிலே, போர்ட் கம்பனியின் தலைவர் ஜிம் பார்லி இன்னொரு வாக்கைத் தந்தார். நான்கு கதவுகளுடைய, நடுத்தர அளவான மின்சாரப் பிக்கப் ஒன்று 2027இல் வரும். விலை ஏறத்தாழ 30,000 டொலரிலிருந்து தொடங்கும் என்றார். எத்தனை மைல் ஓடும் என்பதை மட்டும் அன்று சொல்லாது விட்டார்கள்.

எனது தமக்கையின் மகன் பல ஆண்டுகளாக மிச்சிகன் மாநிலத்தில் வாழ்கின்றான். வீடுகளுக்குக் குழாய் பூட்டுவது அவன் தொழில். அவனிடமுள்ள பெற்றோல் பிக்கப் வயது முதிர்ந்தது. மாதந்தோறும் ஏதாவதொரு செலவு வைப்பது. தொலைபேசியிற் பேசும்போது அவன் என்னிடம் கேட்டான்: “மாமா, முப்பதினாயிரம் எண்டு சொல்லுகினம். அதை நம்பி இந்தப் பழசைத் திருத்தாமல் வைச்சிருக்கலாமோ?” வண்டி எவ்வளவு விரைவாகப் பாயும் என்பதை அவன் கேட்கவில்லை. கதவைத் திறக்கக் கைபேசி போதுமா என்றும் கேட்கவில்லை. என்ன விலை, சுமையோடு எவ்வளவு தூரம், எப்பொழுது கைக்கு வரும் என்ற மூன்றுமே அவனுக்கு வேண்டியவை. தைமாதத்துப் பனியிலே, செப்புக் குழாயும் கருவிகளும் ஏற்றிக்கொண்டு, மூன்று வீடுகளுக்குச் சென்று இரவு வீடு திரும்ப வேண்டியவனுக்கு வேறு என்ன வேண்டும்?

அவனுக்கு விடை சொல்லுமுன், இதற்கு முன்னர் இதே மூன்று கேள்விகளுக்குச் சொல்லப்பட்ட விடைகள் என்ன ஆயின என்று பார்க்க வேண்டியவனானேன். பார்த்ததை இங்கே தருகின்றேன்.

2019ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் டெஸ்லா கம்பனி தனது ‘சைபர் டிரக்’ வண்டியைக் காட்டிற்று. உடையாத கண்ணாடி என்று சொல்லி எறிந்த இரும்புக் குண்டு மேடையிலேயே கண்ணாடியை உடைத்ததை உலகம் கண்டு சிரித்தது. ஆனால் உடைந்தவற்றுள் மிகச் சிறியது அந்தக் கண்ணாடியே. அன்று சொல்லப்பட்ட தொடக்க விலை 39,900 டொலர். மிக உயர்ந்த வகை 500 மைலுக்கு மேல் ஓடும் என்றார்கள். உற்பத்தி 2021இன் இறுதியில் என்றார்கள். வண்டி வாடிக்கையாளர் கைக்கு வரத் தொடங்கியது 2023 நவம்பர் 30ஆம் தேதி. அன்று மிகக் குறைந்த வகைக்கு 60,990 டொலர் என்று விலை குறித்து, அதுவும் 2025இலேதான் வரும் என்றார்கள். 2025 ஏப்ரிலில் அவ்வகை வந்தபோது விலை 69,990 டொலராயிருந்தது. சில மாதங்களில் அதனை விற்பனைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டார்கள். 500 மைல் ஓடும் வகையோ வரவேயில்லை. மேலதிகப் பற்றரி ஒன்றைப் பெட்டியிற் பொருத்தினால் தூரம் கூடும் என்று 2023இல் சொன்ன மாற்று ஏற்பாடும் 2025இல் கைவிடப்பட்டது.

2021 மே மாதத்தில் போர்ட் கம்பனி தனது எஃப்-150 வண்டியின் மின்சார வடிவமான ‘லைட்னிங்’கை அறிமுகப்படுத்திற்று. அறிமுகத்துக்கு முதல் நாள் ஜனாதிபதி பைடனே அதன் மாதிரியை ஓட்டிப் பார்த்தார். தொழிலாளருக்கான வகையின் தொடக்க விலை 39,974 டொலர். ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் முன்பதிவு செய்தனர். 2022 ஏப்ரிலில் வண்டி உண்மையாகவே வெளிவந்தது. சொன்ன நாளிற் செய்த அந்தக் காரியத்தைப் பாராட்ட வேண்டும். ஆனால் விலை? அவ்வாண்டு ஓகஸ்டில் 46,974, ஒக்டோபரில் 51,974, டிசம்பரில் 55,974, 2023 மார்ச்சில் 59,974. இரண்டு ஆண்டுக்குள் இருபதினாயிரம் டொலர் ஏற்றம். பின்னர் 2023 யூலையில் 49,995 ஆக இறக்கினார்கள். முந்திக்கொண்ட சிலர் முதல் விலையிற் பெற்றனர். பிந்தியவர்கள் வண்டியைத் துரத்தவில்லை, விலையைத் துரத்தினார்கள்.

2022 தொடக்கத்தில் செவ்ரலே கம்பனியும் தனது ‘சில்வராடோ’ மின்சார வண்டியை அறிவித்தது. அதன் தொழிலாளர் வகைக்குச் சொன்ன விலையும் 39,900 டொலரே. முதலில் விற்பனைக்கு வந்தபோது விலை எழுபதினாயிரத்துக்கு மேல் நின்றது.

வாசக அன்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூன்று கம்பனிகள்; மூன்று வேறு வண்டிகள்; பற்றரியின் அளவு வேறு, உருக்கின் வகை வேறு, தொழிற்சாலை வேறு. விலை மட்டும் 39,900, 39,974, 39,900! செலவைக் கூட்டிப் பார்த்து, அதன்மேல் இலாபத்தை வைத்து வந்த விலைகளாயின் இவை இப்படி ஒரே வாசலில் வந்து நிற்குமா? நாற்பதினாயிரத்துக்குக் கீழே என்று சொன்னாற் காது கொடுப்பார்கள் என்பதே இவ்வெண்களின் பிறப்பிடம் என்று எண்ணுகின்றேன். கணக்குப் புத்தகத்திலே பிறவாது விளம்பர அறையிலே பிறந்த விலை அது.

ரிவியன் என்னும் கம்பனியின் கதை இவற்றுள் வேறுபட்டது. சிறிது ஆறுதல் தருவதும் ஆகும். 2021 செப்டெம்பரில், மற்றையோரை முந்திக்கொண்டு, முதலாவது மின்சாரப் பிக்கப்பை வாடிக்கையாளர் கையிற் கொடுத்தது அக்கம்பனியே. 2022 மார்ச் முதலாம் தேதி அது விலையை ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு உயர்த்திற்று; ஏற்கெனவே பதிவு செய்து காத்திருந்தவர்களுக்கும் அந்த ஏற்றம் உண்டு என்றது. காத்திருந்தோர் கொதித்தெழுந்தனர். இரண்டே நாளில் அதன் தலைவர் ஆர்.ஜே. ஸ்கரிஞ்ச் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, முன்பதிவு செய்தோருக்குப் பழைய விலையே என்று திருப்பினார். முன்கூட்டிச் சொன்ன விலை வெறும் மதிப்பீடன்று, கொடுத்த வாக்கு என்பதைச் சட்டம் அங்கே நிலைநாட்டவில்லை. காத்திருந்தோரின் கோபம் நிலைநாட்டிற்று.

கம்பனிகளின் பக்கத்து நியாயத்தையும் சொல்லாது விடுவது முறையன்று. 2021இலும் 2022இலும் இலிதியத்தின் விலை பன்மடங்கு ஏறிற்று. நிக்கலும் கோபோற்றும் ஏறின. பெருந்தொற்றின் பின் உதிரிப் பாகங்கள் கிடைப்பதே அரிதாயிற்று. மூன்றாண்டுக்குப் பின் ஓர் உலோகம் என்ன விலை விற்கும் என்று எவரால் அறுதியிட்டுக் கூற முடியும்? இது முற்றிலும் உண்மை. ஆனால் இந்த உண்மையிலிருந்து நான் எடுக்கும் முடிவு வேறு. அறியமுடியாத ஒன்றை அறிந்தவர்போல் மேடையிற் சொன்னது யார்? உலோக விலை இறங்கியிருந்தால் இலாபம் கம்பனிக்கு. ஏறினால் நட்டம் காத்திருந்தவனுக்கு. இத்தகைய பங்குடைமையை எந்தக் கிராமத்துக் குத்தகைக்காரனும் ஒப்புக்கொள்ளமாட்டான்.

முற்பணத்தின் இயல்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். போர்ட்டும் டெஸ்லாவும் 100 டொலர் வாங்கின. சிலேட் கம்பனி 50 டொலர் வாங்கிற்று. வேண்டாமென்றால் திருப்பித் தருவார்கள். ஆகவே வாங்குபவனுக்கு நட்டமில்லை என்பர். பணத்தில் நட்டமில்லைதான். ஆனால் நாற்பதினாயிரம் டொலர் வண்டிக்கு நூறு டொலர் என்பது விலையில் ஒரு பங்காகுமா? அது வாங்குபவன் இடும் சாட்சிக் கையொப்பம். “இத்தனை இலட்சம் பேர் காத்திருக்கின்றனர்” என்று முதலீட்டாளருக்குக் காட்ட அக்கையொப்பம் உதவுகின்றது. அதற்கு ஈடாக அவன் பெறுவது ஓர் இடம், ஒரு வரிசை, ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை வைத்துத்தான் அவன் பழைய வண்டியைத் திருத்துவதா விடுவதா என்று முடிவு செய்கின்றான். காலம் என்னும் முற்பணத்தை எவரும் திருப்பித் தருவதில்லை.

இனித் தூரத்தைப் பற்றி. விலையைவிட இதிலேதான் மயக்கம் அதிகம். அமெரிக்க அரசின் சுற்றாடற் பாதுகாப்பு நிறுவனத்தின் முறைப்படி கணக்கிடப்படும் தூரம், வண்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிட உதவுவது. இழுவைப் பெட்டி பூட்டி அந்தச் சோதனை செய்யப்படுவதில்லை. பாரமான இழுவைப் பெட்டியைப் பூட்டினால் மின்சாரப் பிக்கப் ஓடும் தூரம் ஏறத்தாழப் பாதியாகின்றது என்பதை மோட்டார்ப் பத்திரிகைகள் நடத்திய சோதனைகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. பெற்றோல் வண்டியும் சுமையோடு அதிகம் குடிக்கத்தான் செய்யும். ஆனால் அதற்கு ஐந்து நிமிடத்திற் குடிக்கக் கொடுக்கலாம்.

குளிரும் அவ்வாறே. பெற்றோல் இயந்திரம் எரிபொருளின் பெரும்பகுதியை வெப்பமாகவே வீணாக்குவது; அந்த வீண் வெப்பமே குளிர்காலத்தில் ஓட்டுநருக்கு இலவசக் கணப்பாகின்றது. மின்மோட்டார் வீணாக்குவது மிகக் குறைவு. ஆகவே ஓட்டுநருக்கு வேண்டிய வெப்பத்தைப் பற்றரியிலிருந்தே எடுக்க வேண்டும். பற்றரியும் கடுங்குளிரில் மந்தமாகும். சிக்கனமே அங்கே குறையாக மாறிவிடும் விந்தை இது. மிச்சிகனின் பனியிற் குழாய் பூட்டுபவனுக்கு வெயிற் காலத்தில் வெறும் பெட்டியோடு ஓடிய எண்ணைச் சொல்வது, கோடையிற் கிணற்றின் ஆழத்தைக் கேட்டவனுக்கு மாரியில் அளந்த அளவைச் சொல்வது போன்றது.

இதனை மறைக்கக் கம்பனிகள் கண்ட வழி பெரிய பற்றரி. தூரம் குறைகின்றதா? இன்னும் பற்றரி ஏற்று. பற்றரி ஏறினாற் பாரம் ஏறும். பாரம் ஏறினால் அதைச் சுமக்க இன்னும் வலிமையான சட்டமும் சில்லும் வேண்டும். அவற்றால் மேலும் பாரம். லைட்னிங்கின் சிறிய பற்றரி 98 கிலோவாற் மணி; பெரியது 131. சில்வராடோவின் பெரிய பற்றரி 200ஐத் தாண்டியது. மின்சார வண்டியின் செலவில் ஏறத்தாழ 40 வீதம் பற்றரிக்கே போகின்றது என்று போர்ட் கம்பனியே கூறியிருக்கின்றது. ஆகத் தூரத்தைப் பற்றிய பெருமை விலையை ஏற்றிற்று. ஏறிய விலை உழைப்பாளியை வெளியே தள்ளிற்று. யாருக்காக வண்டி செய்கின்றோம் என்று தொடங்கினார்களோ அவனாலேயே வாங்க முடியாத வண்டியாக அது முடிந்தது.

போட்டி இருந்தால் இவை தாமே திருந்தும் என்பர். ஆனால் அமெரிக்கப் பிக்கப் சந்தைக்கு மதில் உண்டு. 1960களின் தொடக்கத்தில் ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழியிறைச்சிக்குத் தீர்வையை உயர்த்த, பதிலுக்கு ஜனாதிபதி ஜோன்சன் சில வெளிநாட்டுப் பொருள்களுக்கு 25 வீதத் தீர்வை விதித்தார். சிறிய பார வண்டியும் அவற்றுள் ஒன்று. 1964இல் நடைமுறைக்கு வந்த அதனை இன்றும் ‘கோழி வரி’ என்றே அழைக்கின்றனர். கோழிச் சண்டை மறந்து போயிற்று, மதில் நின்றுவிட்டது. 2024இல் சீன மின்சார வண்டிகளுக்கு 100 வீதத் தீர்வையும் சேர்ந்தது. மதிலுக்குள் இருப்பவர் கொடுத்த வாக்கை, மதிலுக்கு வெளியே இருந்து வந்து எவரும் சோதிக்க முடியாது. ஆகவே அங்கே வாக்குக்குக் காவல் வாங்குபவனின் விழிப்பு ஒன்றே.

இவ்வளவும் சொன்னபின், புதிதாக வந்த இரண்டு வாக்குகளை நான் வெறும் வாய்ப்பேச்சென்று தள்ளிவிடுகின்றேனா? இல்லை. அவற்றில் எனக்கு நம்பிக்கை தரும் பகுதி ஒன்று உண்டு. அவ்விரண்டும் பெரிய பற்றரியின் வழியைக் கைவிட்டுச் சிக்கனத்தின் வழியைத் தேடுகின்றன என்பதே அது.

போர்ட் கம்பனி தனது புதிய முறையில் பாகங்கள் 20 வீதம் குறையும், தொழிற்சாலையில் வேலை நிலையங்கள் 40 வீதம் குறையும் என்கின்றது. ஒரே நீண்ட வரிசையில் வண்டியைக் கட்டாமல், முன்பகுதி, பின்பகுதி, பற்றரியும் இருக்கைகளும் அமைந்த தளம் என்று மூன்றாகக் கட்டி இறுதியிற் பொருத்தப் போகின்றார்கள். இரும்பும் பொசுபேற்றும் சேர்ந்த மலிவான இலிதியப் பற்றரியை, சீனாவின் சி.ஏ.ரி.எல். கம்பனியிடம் உரிமம் பெற்ற நுட்பத்தால், மிச்சிகன் மாநிலத்தின் மார்ஷல் நகரிலே செய்வார்களாம். நிக்கலும் கோபோற்றும் அதற்கு வேண்டியதில்லை. ஆதலால் அவ்வுலோகங்களின் விலையேற்றமும் அதனை ஆட்டாது. விலைக்குப் பின்னால் ஒரு செய்முறை இருப்பது, விலைக்குப் பின்னால் ஒரு கைதட்டல் மட்டும் இருப்பதிலும் மேலானது.

சிலேட் கம்பனியின் வழி இன்னும் துணிவானது. அவர்கள் வண்டியில் என்ன உண்டு என்பதைவிட என்ன இல்லை என்பதே செய்தி. வர்ணம் இல்லை, சாம்பல் நிறப் பிளாத்திக்குக் கலவைத் தகடுகளே உடம்பு. வானொலி இல்லை. பெரிய திரை இல்லை. யன்னற் கண்ணாடியைக் கையால் சுழற்றி இறக்க வேண்டும். 52.7 கிலோவாற் மணிப் பற்றரிக்கு 150 மைல், அதாவது ஏறத்தாழ 240 கிலோமீற்றர், என்று 2025 ஏப்ரிலில் அறிவித்தார்கள். மேலும் வேண்டுவோருக்கு 84.3 கிலோவாற் மணியில் 240 மைல். 500 மைல் என்று முழங்கிய காலத்துக்குப் பின் 150 மைல் என்று ஒருவர் கூசாமற் சொன்னதைக் கேட்க எனக்கு மகிழ்ச்சியாயிருந்தது. நகருக்குள் தொழில் செய்யும் பலருக்கு அது போதும். போதாதவர் போதாது என்று அறிந்து விலகலாம். அறிந்து விலகுவதும் ஒரு பயனே.

ஆயினும் சிலேட்டின் விலை வாக்கிலும் ஒரு பொத்தல் இருந்தது. 20,000 டொலருக்குக் குறைவு என்பது அரசின் 7,500 டொலர் மானியத்தைக் கழித்து வந்த எண். 2025 யூலை 4ஆம் தேதி ஜனாதிபதி ட்ரம்ப் கையொப்பமிட்ட சட்டத்தால் அம்மானியம் செப்டெம்பர் 30உடன் முடிந்தது. கம்பனியோ விலை இருபதினாயிரத்து நடுப்பகுதியில், அதாவது 25,000 டொலர் அளவில், அமையும் என்று மாற்றிக்கொண்டது. வேறொருவர் மடியிலிருக்கும் பணத்தைத் தன் விலைக்குள் வைத்து எண்ணியதன் விளைவு இது. பள்ளிக்கூடத்துச் சிலேட்டை அறிந்த நமக்கு அக்கம்பனியின் பெயரே பொருத்தமாகத் தோன்றும். எழுதுவதும் எளிது, ஈரக் கையால் அழிப்பதும் எளிது.

“பெரிதாக வாக்களியாதவன் பெரிதாகச் செய்வதுமில்லை” என்று சொல்வாருமுளர். இலட்சியமான விலையொன்றை உலகறியச் சொன்னாலன்றோ பொறியியலாளர் அதை எட்டப் பாடுபடுவர் என்பது அவர் வாதம். இந்த வாதத்துக்குப் போர்ட் கம்பனியின் பழைய வரலாறே விடை தருகின்றது. 2025இல் ஜிம் பார்லி நினைவூட்டிய ‘மொடல் ரி’ வண்டி 1908இல் வந்தபோது அதன் விலை ஏறத்தாழ 850 டொலர். தொழிற்சாலை முறை செம்மையடைய அடைய விலை காலப்போக்கில் இறங்கிற்று; 1920களின் நடுப்பகுதியில் 300 டொலருக்கும் கீழே வந்தது. 1925இல், அதே மொடல் ரியின் பின்னே பெட்டி பொருத்தி, தொழிற்சாலையிலேயே செய்த முதலாவது போர்ட் பிக்கப் 281 டொலருக்கு விற்பனையாயிற்று. அங்கே விலை முதலில் உயர்ந்து நின்று, செயலால் இறங்கிற்று. நம் காலத்து மின்சார வண்டிகளின் விலையோ முதலில் தாழ்ந்து நின்று, செயலால் ஏறிற்று. இலட்சியத்தைத் தொழிற்சாலைக்குள்ளே சுவரில் எழுதி வைக்கலாம். வாங்குபவனின் காதில் விலையென்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே மின்சாரப் பிக்கப் செய்வோரிடம் நான் கேட்பது மூன்றே. முதலாவது, விலையைச் சொன்னால் மானியம் கழியாத விலையை, வண்டியைக் கொண்டுவந்து சேர்க்கும் கூலியையும் கூட்டிச் சொல்லட்டும். அந்த நாள்வரை பதிவு செய்தவனுக்கு அந்த விலையை மாற்றாதிருக்கட்டும். மாற்ற நேருமென்று அஞ்சினால், விலையே சொல்லாமல் வண்டியை மட்டும் காட்டட்டும், அதில் இழிவில்லை. இரண்டாவது, தூரத்தை மூன்று எண்களாகச் சொல்லட்டும்: வெறும் வண்டிக்கு எவ்வளவு, சுமையோடு எவ்வளவு, உறைபனியில் எவ்வளவு. மூன்றாவது, வெளியீட்டு நாளைச் சொல்லும்போது எந்த வகையின் நாள் என்று சொல்லட்டும். மலிவான வகையின் விலையை விளம்பரத்தில் வைத்து, விலையுயர்ந்த வகையை முதலில் விற்று, மலிவானதைக் கடைசிக்குத் தள்ளுவது சைபர் டிரக் கதையில் நாம் கண்டது. மலிவான வண்டிக்காகக் காத்திருப்பவனே பொதுவாகக் காத்திருக்க வசதியில்லாதவன்.

இது வாங்குபவன் விற்பவன் என்ற இருவருக்கிடையிலான வழக்கு மட்டுமன்று. 2025 டிசம்பரில் போர்ட் கம்பனி லைட்னிங் வண்டியை அப்போதைய வடிவிற் செய்வதை நிறுத்துவதாக அறிவித்தது. அதன் அடுத்த வடிவத்தில் பற்றரிக்கு மின்னேற்ற ஒரு பெற்றோல் இயந்திரமும் இருக்கும் என்றது. தனது மின்சார வண்டித் திட்டங்களை மாற்றியமைப்பதால் ஏறத்தாழ 1,950 கோடி டொலர் கணக்கிற் கழிக்க நேரும் என்றும் சொல்லிற்று. செய்தியைக் கேட்ட பலர், “மின்சாரப் பிக்கப் தோற்றுவிட்டது” என்று தீர்ப்புக் கூறினர். மானியம் போனதும், வண்டியின் பாரமும் விலையும், பெற்றோல் வண்டியில் அமெரிக்கருக்குள்ள பழக்கமும் இதற்குக் காரணங்களே. ஆனால் 39,974 என்று கேட்டு வந்தவன் 59,974 என்று கண்டு திரும்பிப் போனதும் ஒரு காரணமன்றோ? அவ்வண்டியின் மின்மோட்டார் தோற்கவில்லை. வேலைத்தலத்தில் வாளுக்கும் துளைப்பானுக்கும் மின்சாரம் கொடுத்த வண்டி அது. மின்தடையின்போது வீட்டுக்கே விளக்கேற்றத் தகுந்தது அது. நல்ல பொருளொன்று, தனக்கு முன்னே ஓடிய எண்ணினாற் கெட்ட பெயர் வாங்கிற்று.

புகையில்லாத வண்டி வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அது செல்வர் வீட்டு முற்றத்தில் மட்டும் நில்லாது, குழாய் பூட்டுபவன் வாசலிலும் நிற்க வேண்டும் என்பதிலும் ஐயமில்லை. எதிர்ப்பவர்களின் ஏளனத்தைத் தாங்கி அவ்வண்டி வளர்ந்துவிடும். ஆதரிப்பவர்கள் அள்ளி வீசும் வாக்குகளைத் தாங்கி வளர்வதே கடினம். ஒருமுறை ஏமாந்தவன் மறுமுறை உண்மையைச் சொன்னாலும் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பின் விலை எந்த முற்பணத்திலும் அடங்காது.

என் மருமகனுக்கு நான் சொன்னது இதுவே: “பழைய வண்டியைத் திருத்து. பதிவு செய்ய விரும்பினால் செய்; அதைச் செலவென்றும் எண்ணாதே, உறுதியென்றும் எண்ணாதே. வண்டி வெளிவந்து, உன்னைப்போலத் தொழில் செய்யும் ஒருவன் ஒரு மாரியை அதனோடு கழித்த பிறகு, அவனிடம் கேள். அவன் சொல்லும் மைலும், அவன் கையிலிருக்கும் விலைச்சிட்டையுமே உண்மையான எண்கள்.” அவனுக்கு அது பெரிய மகிழ்ச்சியைத் தரவில்லை. மகிழ்ச்சி தரும் எண்களைச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கின்றார்கள்.

முப்பதினாயிரம் டொலர் வண்டி 2027இல் சொன்னபடியே வருமானால், அன்று அதனை வாழ்த்தி எழுத எனக்குத் தடையில்லை. தொழிலாளிக்குச் சொன்ன விலையைத் தொழிலாளியிடமே வாங்கிய கம்பனி என்று ஒரு பெயர் அதற்குக் கிடைக்குமானால், மேடையிற் பெற்ற கைதட்டலைவிட அது நெடுநாள் நிலைக்கும். சிலேட்டில் எழுதுவோர் பலர். கல்லில் எழுதுவோரைத்தான் இவ்வாணிகம் இன்னும் எதிர்பார்த்துக் கொண்டிருக்கின்றது.